அப்பவே முடித்துவிட்ட விமானம்

"மஞ்சளை எப்படி எடுக்கது?"

கேட்டவர் ஒரு பல் டாக்டர். பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷமாக ஊரார் பல்லில் இருக்கும் மஞ்சளை எடுத்துக்கொண்டிருப்பவர். அவரே இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு, மதுரையில் ஒரு பஸ், வத்தலக்குண்டில் ஒரு பஸ் என்று மாறி மாறி, கொடைக்கானல் மலையேறி வந்து நிற்கிறார்.

கேள்வியை வாங்கிக்கொண்டவள் ஜெசிந்தா. டாக்டரைவிட இருபது வயது இளையவள். ஏரிக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஓர் அறை அவளுடையது. உள்ளே கப்பல், ரயில், விமானம் எல்லாம் சாண் அளவிலும் முழ அளவிலும் நிற்கும். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, சாயம் பூசி, தள்ளி நின்று பார்த்தால் நிஜம் என்று நம்பும்படி ஆக்கிவிடுவாள். இந்த வேலையில் கிறுக்குப் பிடித்தவர்கள் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். அவள் ஒருத்தருக்கும் வகுப்பு எடுத்தது கிடையாது.

டாக்டர் வந்தபோது அவள் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மஞ்சள்?" என்றாள்.

டாக்டர் பையைத் திறந்து, ஃபைலைத் திறந்து, ஃபைலுக்குள் இருந்த கவரைத் திறந்து, உள்ளங்கை அகலத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

டெக்கால் தாள். பிள்ளைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் தண்ணி ஸ்டிக்கர் இருக்கிறதே, அந்த ஜாதி. தண்ணீரில் நனைத்தால் படம் தாளைவிட்டு வழுக்கி வரும். விமானத்தின் மேல் நகர்த்தி வைத்தால் கம்பெனிக் கோடும் வால் எழுத்தும் அச்சடித்தது போல உட்கார்ந்துகொள்ளும். எழுத்தைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு சவ்வு ஓடும். புதிதில் அது கண்ணுக்கே தெரியாது.

இந்தத் தாளில் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் மஞ்சள் குளத்தில் மிதந்தது.

"முப்பத்திநாலு வருஷம் பரண்ல கிடந்தது, டீச்சர்."

"என்ன பண்ணிப் பாத்தீங்க?"

"போன்ல தேடுனேன். ஒருத்தன் பிளீச்சிங் பவுடர்ங்கான். ஒருத்தன் தொடவே தொடாதேங்கான். இன்னொருத்தன் வீடியோவுல முக்கா மணி நேரம் பேசுதான், கடைசியில புதுசு வாங்குங்கான். இது இப்ப எங்கயும் கிடைக்காது."

"நீங்க என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன்."

டாக்டர் கொஞ்சம் நெளிந்தார்.

"பல்லை வெள்ளையாக்குத ஜெல் இருக்கு. அதுல ஒரு சொட்டு வச்சேன்."

ஜெசிந்தாவின் கை பூண்டின்மேல் நின்றது.

"வச்சா?"

"எழுத்து சுருண்டு புழு மாதிரி ஆயிட்டு. வேண்டாத எழுத்துதான். இதுல ரெண்டு கம்பெனிக்கு உண்டான எழுத்து இருக்கு, சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. எனக்கு நீலந்தான் வேணும். சிவப்பு உபரி."

"நல்ல வேளை," என்றாள். "வாயில வச்சவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?"

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் அதற்கான துப்பு ஒன்றும் இல்லை.

"எத்தனை நாள் இருக்கு?"

"இருபத்திரண்டு."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு," என்றார்.

அந்தக் கதையை அவர் சொன்ன வரிசையில் சொன்னால் நமக்கும் தலை சுற்றும். வரிசைப்படுத்தியே சொல்லிவிடலாம்.

அக்கா பெயர் கோமதி. தம்பியைவிட மூன்று வயது மூத்தவள். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தம்பிக்கென்று கொடுத்த விமானப் பெட்டியை, தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்து முழிக்க, அவள் வாங்கி ஒட்ட ஆரம்பித்தாள். உடம்பு சேர்ந்தது. இறக்கை சேர்ந்தது. நாலு விசிறியும் சுற்றின. சாயமும் எழுத்தும்தான் பாக்கி.

அந்த நேரத்தில் வீட்டில் அவளுடைய காதல் காரியம் தெரிந்துவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்த டேனியல். அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். ஒருநாள் காலை கோமதி ஒரு பையோடு வாசல் இறங்கினாள். இறங்கும்போது தம்பியிடம், "சாயமும் எழுத்தும்தாம்லே பாக்கி. நீ முடிச்சு வை," என்றாள்.

அப்பா விமானத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். தம்பி போடவில்லை. பிஸ்கட் டின்னில் வைத்துப் பரணில் ஏற்றினான். அவன் செய்த வீரம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கா ராய்ப்பூரில் இருக்கிறாள் என்று தெரிந்தும் ஒரு கடிதம் போடவில்லை. தம்பி டாக்டர் ஆனான், கல்யாணம் செய்தான், தலை நரைத்தான். அப்பா இருந்தார்.

இந்தச் சித்திரையில் அப்பா காலமானார். நாற்பதாம் நாள் ராய்ப்பூரிலிருந்து போன் வந்தது. இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சும்மா இருக்கக் கூடாதே என்று அக்கா கேட்டாள்: "அந்த ஏரோப்ளேன் என்னலே ஆச்சு?"

"அப்பவே முடிச்சிட்டேங்கா," என்று வாய் சொல்லிவிட்டது. "கண்ணாடி அலமாரியிலதான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நெசமாவா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அந்த வீட்ல எனக்குன்னு ஒரு சாமான் இருந்துச்சாலே? அலமாரியிலயா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் வாரேன். பாக்கணும்."

அந்த 'நெசமாவா'தான் டாக்டரை மலைவரை தள்ளிக்கொண்டு வந்தது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். தாளின் மூலையில் இருந்த சிவப்பு எழுத்து ஒன்றைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டாள்.

டாக்டர் குனிந்தார்.

எழுத்து தாளைவிட்டு எழும்பியது. அடுத்த நொடி அதன் குறுக்கே ஒரு கோடு. பிறகு பத்துக் கோடு. பிறகு எழுத்தே இல்லை. கிண்ணத்தில் சிவப்புத் தூள் மிதந்தது.

"ஐயோ, என்ன டீச்சர் இது."

"மஞ்சளைக் கேட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அது உடையும்னு யாரும் சொல்லலையா?"

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். தான் கேட்ட கேள்விக்கு இது பதிலா, வேறு எதற்கோ பதிலா என்று விளங்கவில்லை.

அவள் இன்னொரு சிவப்பு எழுத்தைக் கத்தரித்தாள். அதன்மேல் தூரிகையால் ஒரு பூச்சு வார்னிஷ் இழுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

டாக்டர் காத்திருந்தார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். பல் பிடுங்க வருகிறவர்கள் தன் வாசல் பெஞ்சில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்களோ என்று முதல் தடவையாக நினைத்தார்.

காய்ந்ததும் அவள் அதைத் தண்ணீரில் போட்டாள். அது முழுசாக வழுக்கி வந்தது. அவள் அதை எடுத்து டாக்டரின் கட்டைவிரல் நகத்தில் வைத்து அழுத்தினாள். மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்பு எழுத்து.

"சரி, உடையல. ஆனா மஞ்சள் அப்படியேல்லா இருக்கு."

"அதுக்கு வெயில்."

"வெயிலா?"

"கவருக்குள்ள வச்சு ஜன்னல் கண்ணாடியில ஒட்டணும். படம் வெளிய பாக்கணும். வெயில் தின்னத் தின்ன மஞ்சள் போகும். முதல்ல வெயில், அப்புறம் வார்னிஷ், அப்புறந்தான் தண்ணி."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு இல்லை, மரம் இல்லை, ரோடு இல்லை. பஞ்சு அடைத்தது போல மூடுபனி.

"எங்க ஊர்ல வெயில் தவிர வேறொண்ணும் கிடையாது," என்றார் மெதுவாக.

"கேள்விப்பட்டிருக்கேன்."

"நான் அங்கேருந்துதான் வாரேன்."

"ம்."

அவருக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டு எழுதும் பேடை எடுத்தார். வெயில் என்று எழுதினார்.

"எத்தனை நாள்?"

"வெளுக்கிற வரைக்கும்."

"நான் பேஷண்ட்கிட்ட இப்படிச் சொன்னா அடிக்க வருவான்."

"நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"மூணு சிட்டிங்னு சொல்லுவேன்."

"மூணுல முடிஞ்சிருமா?"

டாக்டர் பேடை மூடிப் பைக்குள் வைத்தார்.

ஊருக்கு வந்த மறுநாளே கிளினிக்கின் மேற்கு ஜன்னலில் தாள் ஏறியது. காலையில் கிழக்கே, மத்தியானத்துக்கு மேல் மேற்கே என்று டாக்டர் அதை மாற்றி மாற்றி ஒட்டினார். ஒருவர் வாயில் கையை வைத்திருக்கும்போதே மணியைப் பார்த்து, "அசையாம இருங்க," என்று எழுந்து போய் ஜன்னல் மாற்றிவிட்டு வருவார்.

"என்ன டாக்டர், யாரோட எக்ஸ்ரே அது?" என்று கேட்டாள், சீட்டுப் போடுகிற அந்தோணியம்மாள்.

"எக்ஸ்ரே இல்லம்மா."

"பின்ன?"

அவரால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. "எக்ஸ்ரேதான்," என்றார்.

இரண்டு நாள் மேகம் மூடியது. பாளையங்கோட்டையில் ஆனி மாசத்து மேகத்தைத் திட்டிய ஒரே ஆள் அந்த இரண்டு நாளும் அவர்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினம் ஒரு மணி நேரம் விமானத்துக்கு வெள்ளைச் சாயம். ஒரு பூச்சு, தேய்ப்பு, மறு பூச்சு. பல்லுக்கு வெள்ளையில் பதினாறு வகை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர். இதற்கு மட்டும் எந்த வெள்ளை என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்தார்.

பதினாறாம் நாள் தாளை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். மஞ்சள் இல்லை. நீல எழுத்தைச் சுற்றிச் சவ்வு இருக்கும் இடமே தெரியவில்லை. அச்சகத்திலிருந்து அன்றைக்குக் காலையில் வந்தது போல இருந்தது.

வார்னிஷும் பூசினார். காயவைத்தார். கிண்ணத்தில் தண்ணீரும் எடுத்து வைத்தார்.

எழுத்தைக் கத்தரிக்கக் கை போகவில்லை. எத்தனையோ பேர் தாடை எலும்பில் துளை போட்ட கை. சிவப்புத் தூள் மிதந்த கிண்ணம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

விமானத்தைக் கேக் டப்பாவில் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி மலையேறினார்.

"வெளுத்திருச்சு டீச்சர்."

ஜெசிந்தா தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள்.

"நல்லா வெளுத்திருக்கு."

டாக்டருக்கு அந்த ஒரு வார்த்தை போதும் போல இருந்தது. "நீங்க பக்கத்துல நின்னாப் போதும். நானே ஒட்டிருதேன். அக்கா வர இன்னும் நாலு நாள்தான்."

அவள் கேக் டப்பாவைத் திறந்தாள். விமானத்தைக் கையில் எடுத்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்தை நகத்தால் தடவினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"சேர்ப்பே தெரியலையே. இது நீங்களா?"

"இல்ல, அது அக்கா ஒட்டுனது. நான் சாயம் மட்டும்."

"ம்."

அவள் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து ஒரு விமானத்தை இறக்கினாள். பாவாடை நுனியால் தூசி துடைத்து, டாக்டரின் விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் வெள்ளை உடம்பு. வாலில் பச்சை எழுத்து.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பல் பார்க்கிற கண் சும்மா இருக்குமா?

"எழுத்தைச் சுத்தி மஞ்சளால்லா இருக்கு."

"ம்."

"பழைய தாளா?"

"புதுத் தாள். பெட்டி பிரிச்ச வாரமே ஒட்டினேன். ஸ்கூல் படிக்கையில. பதினெட்டு வருஷம் இருக்கும்."

"அப்ப எப்படி மஞ்சளாச்சு?"

"ஒட்டுனதுக்கு அப்புறமும் வருஷம் போகுமே, டாக்டர்."

"அலமாரிக்குள்ள வச்சிருந்தாலுமா?"

"அலமாரிக்குள்ளயும் போகும்."

"நீங்க இதையும் வெளுக்க வைக்கலாமே."

"இதை எப்படி உரிச்சு ஜன்னல்ல ஒட்ட? இது முடிஞ்சது."

டாக்டர் தலையாட்டினார். விளங்காதபோது ஆட்டுகிற ஆட்டு.

ஜெசிந்தா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்காகிட்ட எப்ப முடிச்சதாச் சொன்னீங்க?"

"அப்பவே. தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணுன்னு வச்சுக்கிடுங்க."

அவள் தாளை எடுத்து அவருடைய விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசைமேல் இரண்டு விமானமும் நின்றன. ஒன்றின் வாலில் மஞ்சள் விளிம்பு கட்டிய பச்சை எழுத்து. இன்னொன்றின் பக்கத்தில், பளிச்சென்று, நேற்றுப் பிறந்த நீல எழுத்துத் தாள்.

டாக்டர் இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அட பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

வெளியே மூடுபனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அப்பவே ஒட்டியிருந்தா இதுவும் மஞ்சளால்லா இருக்கணும். நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"மஞ்சளை எப்படி எடுக்கிறதுன்னுதானே கேட்டீங்க."

"நான் பதினாறு நாள் வெயில்ல..."

"வெளுத்துருச்சே."

"டீச்சர், இதத் திரும்ப மஞ்சளாக்க முடியுமா? டீத்தண்ணியில முக்கி எடுத்தா?"

"முடியும்."

"எப்படி?"

"பரண்ல போடுங்க. முப்பத்திநாலு வருஷம்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுல இருக்கவ. மஞ்சளாவது வெள்ளையாவது."

ஜெசிந்தா அவருடைய விமானத்தின் இறக்கையில், சேர்ப்பு இருந்தும் தெரியாத அந்த இடத்தில், விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

டாக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவள் விமானத்தைக் கேக் டப்பாவில் வைத்து மூடினாள். நூலை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். அவர் கையில் கொடுத்தாள்.

"கடைசி பஸ் நாலேகாலுக்கு," என்றாள்.

மலை இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் டாக்டருக்கு ஒரு பொய் தோன்றியது.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது விமானத்தையும் புதுசாக்கினேன் என்று சொல்லலாம். அப்படியானால் பழைய எழுத்து எங்கே என்பாள். உரிந்துவிட்டது எனலாம். உரிந்தால் புது எழுத்து எங்கே கிடைத்தது என்பாள். சிங்கப்பூரில் சொல்லி வாங்கினேன் எனலாம். சித்தப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது எனலாம். கண்ணாடி அலமாரி. சாவி எதற்கு.

ஒவ்வொரு பொய்யும் அடுத்த வளைவு வரைதான் தாக்குப்பிடித்தது. பஸ் வத்தலக்குண்டு வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

என்ன வாத்தியாரம்மா இவள், என்று நினைத்தார். ஒட்டு என்றும் சொல்லவில்லை. ஒட்டாதே என்றும் சொல்லவில்லை.

நாலு நாளும் அவர் அதைத் தொடவில்லை. தொடலாம் என்று உட்காருவார். 'நெசமாவா' என்ற குரல் காதில் கேட்கும். எழுந்துவிடுவார். தொடாமலே இருந்துவிடலாம் என்று படுப்பார். அதே குரல் கேட்கும்.

சனிக்கிழமை காலை, அக்கா ரயில் இறங்கும் நாள், கிளினிக்கைப் பூட்டினார். மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அன்றைக்கும் ஏதோ பரீட்சை வேலை என்று போய்விட்டாள். போகும்போது, "ஒட்டிருங்க, இல்லன்னா ஒளிச்சு வைங்க. ரெண்டுல ஒண்ணு செய்ங்க," என்றாள்.

வீட்டில் டாக்டரும் விமானமும்தான்.

எழுத்தில்லாத விமானத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். பேர் எழுதாத ஸ்கூல் நோட்டு மாதிரி இருந்தது. எடுத்தார். பிஸ்கட் டின்னில் வைத்தார். மூடி சாத்தும் சத்தம் அப்பா கதவைச் சாத்தும் சத்தம் போலக் கேட்டது. எடுத்தார்.

பதினொன்றரைக்கு வாசலில் ஆட்டோ நின்றபோது, விமானம் சாப்பாட்டு மேசையில், செய்தித்தாள் விரிப்பின்மேல் இருந்தது. பக்கத்தில் வெளுத்த தாள். கத்தரிக்கோல். தூரிகை. எவர்சில்வர் கிண்ணத்தில் சுடவைத்த தண்ணீர். எப்போது எடுத்து வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. கை தானாகச் செய்திருந்தது.

கோமதி உள்ளே வந்தாள். முழங்கால் வலியோ என்னவோ, படியில் ஒரு கை ஊன்றி ஏறினாள். முடி முழுக்க வெள்ளை. பை மட்டும் அதே அளவில் ஒரு பை.

"ஏலே, கிழவனாயிட்டியே."

"நீ மட்டும் என்னவாம்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பாவின் படம் மாட்டியிருந்த சுவரைத் தாண்டி, நிற்காமல், நேரே கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போனாள்.

ரோட்டரி ஷீல்டு இருந்தது. பல் வடிவத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. தலையாட்டிப் பொம்மை இருந்தது.

அவள் மேல்தட்டைப் பார்த்தாள். கீழ்த்தட்டைப் பார்த்தாள். குனிந்து மூலையைப் பார்த்தாள்.

"எங்கலே?"

டாக்டர் ஓர் எட்டு விலகி நின்றார். சாப்பாட்டு மேசையைக் காட்டினார்.

அவள் வந்து நின்றாள். தொடாமல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் இறக்கையின் சேர்ப்பைத் தடவினாள். அங்கிருந்து உடம்பு. உடம்பிலிருந்து வால். வாலில் விரல் நின்றது. வெறும் வெள்ளை.

"அப்பவே முடிச்சிட்டேன்னு சொன்னியே."

மலை வளைவுகளில் விட்டுவிட்டு வந்த பொய்கள் எல்லாம் ஒன்றாக ஓடி வந்து வாசலில் நின்றன. ஒன்றைப் பிடித்தால் போதும்.

"இல்லக்கா," என்றார்.

அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் சொல்ல முப்பத்திநாலு வருஷம் இருந்தது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செய்தித்தாளின் ஒரு முனை எழும்பி எழும்பிப் படுத்தது. கோமதி தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். அதன்மேல் காய்ந்திருந்த வார்னிஷைப் பார்த்தாள். சுருண்டுபோன சிவப்பு எழுத்து இருந்த இடத்தைப் பார்த்தாள்.

அவள் திரும்பி வாசலுக்கே போய்விடுவாள் என்று டாக்டருக்குத் தோன்றியது. போனால் தடுக்கத் தனக்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

அவள் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

கிண்ணத்துக்குள் ஒரு விரலை விட்டாள்.

"தண்ணி ஆறிக் கிடக்குலே," என்றாள். "வேற கொண்டா."